பேராசிரியராக வேலைக்கு வந்த கோச்: ஏமஸ் அலான்சோ ஸ்டாக்

கேள்வி இதுதான்: "உலகின் முதல் அணு உலை சிகாகோவில் 'ஸ்டாக் ஃபீல்ட்' என்ற விளையாட்டு மைதானத்தின் கேலரிக்கு அடியில் இயங்கியது என்று படித்தேன். யார் இந்த ஸ்டாக்? விஞ்ஞானியா? அணு உலை கட்டுகிற அளவுக்கு ஒரு பல்கலைக்கழக மைதானம் ஏன் சும்மா கிடந்தது?"

ஸ்டாக் விஞ்ஞானி இல்லை, கோச். முழுப்பெயர் ஏமஸ் அலான்சோ ஸ்டாக். 1892 முதல் 1932 வரை, தொடர்ந்து 41 பருவங்கள் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியைப் பயிற்றுவித்தவர். கேள்வியின் கடைசிப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மைதானத்துக்கு அவர் பெயர் வந்ததற்கும், பிறகு அது ஆளில்லாமல் கிடந்ததற்கும் வேர் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு கோச்சைப் பேராசிரியராக நியமிப்பது என்று 1890-ல் எடுத்த முடிவு அது. அந்த முடிவிலிருந்து என்னென்ன விளைந்தன என்று சொன்னால் உங்கள் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இங்கே கால்பந்து என்றால் நாம் ஆடுவது இல்லை, அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்தை முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் டச்டவுன். 1890களில் இது பெரும்பாலும் கல்லூரிப் பையன்களின் ஆட்டம். அணியை நடத்தியது கேப்டன்தான். முன்னாள் மாணவர் யாராவது இலையுதிர் காலத்தில் வந்து சில வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார். காசு கொடுத்துக் கூப்பிட்ட கோச்சாக இருந்தாலும் பருவம் முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஆண்டு முழுக்க இருந்து, வகுப்பறை ஆசிரியரைப் போலவே சம்பளமும் மரியாதையும் பெறும் கோச் என்று ஒருவர் இருக்க முடியும் என்பதே அன்று புதிய எண்ணம்.

ஸ்டாக் பிறந்தது 1862 ஆகஸ்ட் 16, நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சில். அப்பா ஷூ தைக்கும் தொழிலாளி. கிடைத்த வேலையெல்லாம் செய்து, எக்ஸெட்டர் என்ற ஊரிலிருந்த பள்ளியில் படித்து, 1884-ல் யேல் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். மத போதகர் ஆவதுதான் நோக்கம். யேலில் அவர் முதலில் தங்கியது கணப்பு இல்லாத ஒரு மாடி அறை. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் உடம்பு தாங்காமல் விழுந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். அந்த வறுமையோடு பேஸ்பாலில் யேல் அணியின் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, நாடு முழுக்கப் பெயர் வாங்கினார். நியூயார்க் தொழில்முறை அணி ஒரு பருவத்துக்கு 4,200 டாலர் தருவதாகக் கூப்பிட்டது. ஷூ தைப்பவரின் மகனுக்கு அது கனவிலும் வராத தொகை. அவர் போகவில்லை. அந்த நாளில் தொழில்முறை பேஸ்பால் மைதானத்தில் மதுவும் சூதும் கூடவே இருந்தன. போதகராகப் போகிறவன் நிற்கிற இடம் அது இல்லை என்று முடிவு செய்தார். கால்பந்திலும் கெட்டிக்காரர். நாட்டின் தலைசிறந்த பதினொரு கல்லூரி ஆட்டக்காரர்கள் என்று 1889-ல் முதன்முதலாக ஒரு பட்டியல் வந்தபோது அதில் அவர் பெயரும் இருந்தது.

ஆனால் போதகராகவும் ஆகவில்லை. மேடையில் நின்று பேச அவருக்கு வரவில்லை. சொல்ல நினைப்பதை வாயால் சொல்ல முடியவில்லை என்றால் விளையாட்டின் வழியாகச் சொல்லலாம் என்று தோன்றியது. 1890-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். உடற்பயிற்சியும் ஒரு சமயப் பணிதான் என்று நம்பிய இடம் அது. (சென்னைக்காரர்களுக்கு இந்தப் பள்ளியோடு ஒரு தொடர்பு உண்டு. அங்கே படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே.)

ஸ்பிரிங்ஃபீல்டில் ஸ்டாக் திரட்டிய கால்பந்து அணியில் பெரும்பாலும் குட்டையான ஆட்கள். நடுவில் நின்று மோதும் சென்டர் இடத்தில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர். என்னை ஏன் இங்கே நிறுத்தினாய் என்று நைஸ்மித் கேட்க, மிக மோசமான காரியங்களைக்கூட மிகக் கண்ணியமாகச் செய்ய உன்னால்தான் முடியும் என்று ஸ்டாக் சொன்னாராம். அந்த நைஸ்மித்தான் 1891 டிசம்பரில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர். 1892 மார்ச்சில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்று தோற்கடித்தார்கள். ஆசிரியர்கள் பக்கம் விழுந்த அந்த ஒரே கூடையைப் போட்டவர் ஸ்டாக்.

இனி அந்த முடிவுக்கு வருவோம். சிகாகோவில் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரின் பணத்தில் ஒரு புதிய பல்கலைக்கழகம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் எபிரேயம் கற்றுக்கொடுத்தவர், ஸ்டாக்கை அங்கேயே அறிந்தவர். 1890-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலுக்கு ஸ்டாக்கை வரவழைத்து, சிகாகோவின் விளையாட்டுத் துறையை நீ வந்து நடத்து, ஆண்டுக்கு 1,500 டாலர் என்றார். ஸ்டாக் பேசவில்லை. திகைப்பில் அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். தொகை போதவில்லை போலும் என்று நினைத்த ஹார்ப்பர் 2,000 என்றார். அப்போதும் பதில் இல்லை. சரி, 2,500 டாலரும் இணைப் பேராசிரியர் பதவியும் தருகிறேன், அது ஆயுள் முழுக்க நிலைக்கும் பதவி என்றார்.

ஸ்டாக் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. யோசித்து, பிரார்த்தித்து, என் ஆண்டவருக்குச் செய்ய வேண்டிய சேவையை இந்தப் பதவியில்தான் சரியாகச் செய்ய முடியும் என்று பிறகு கடிதம் எழுதினார். ஹார்ப்பரின் கணக்கு வேறு மாதிரி. நாடு முழுக்கச் சுற்றி வந்து எல்லாக் கல்லூரிகளையும் வீழ்த்துகிற அணிகள் வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். புத்தம் புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் நாளிதழில் அடிக்கடி வர வேண்டும். தத்துவப் பேராசிரியரின் கட்டுரையால் அது நடக்காது, சனிக்கிழமை ஆட்டத்தால் நடக்கும். ஒருவர் கடவுளுக்காக வந்தார், மற்றவர் விளம்பரத்துக்காக அழைத்தார். இரண்டும் ஒரே நியமனத்தில் சேர்ந்திருந்தன. ஸ்டாக்கின் நாற்பது ஆண்டுகளையும் நான் புரிந்துகொள்வது இந்த இரண்டு நோக்கங்களும் ஒன்றையொன்று தூக்கியதாகவும், சில நேரம் ஒன்றையொன்று கெடுத்ததாகவும்தான்.

1892 அக்டோபர் 1, பல்கலைக்கழகம் திறந்த நாள். அன்றே ஸ்டாக் அணியைச் சேர்க்க ஆரம்பித்தார். வந்தவர்கள் பதின்மூன்று பேர். ஆள் பற்றாததால் முதல் பருவத்தில் அவரே இறங்கி ஆடினார். முதல் எதிரி பக்கத்தில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளி. மைதானம்கூட இல்லை. சிகாகோ வணிகர் மார்ஷல் ஃபீல்டின் நிலம் கிடைத்த பிறகு, வேலி போட்டதிலும் தரையைச் சமன் செய்ததிலும் ஸ்டாக்கின் கையும் மாணவர்களின் கையும் இருந்தன. அதற்கு முதலில் மார்ஷல் ஃபீல்டின் பெயரே இருந்தது; ஸ்டாக்கின் பெயர் பிறகுதான் வந்தது. 1894-ல் அணியை ரயிலில் ஏற்றிக் கலிஃபோர்னியா வரை கொண்டுபோய், கிறிஸ்துமஸ் அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டுடன் ஆட வைத்தார். பாதி அமெரிக்காவைத் தாண்டிப் போய் ஆடுவது என்பது அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்.

கால்பந்து மட்டும் இல்லை. பேஸ்பால், தடகளம் எல்லாம் அவர் பொறுப்புதான். 1900 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தன் ஓட்டக்காரர்களை அழைத்துக்கொண்டு போனார். 1910-ல் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகம் அழைக்க, சிகாகோவின் பேஸ்பால் அணி கப்பலேறியது. அந்தப் பயணம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை என்று 1930 வரை தொடர்ந்தது.

1894-ல் ஸ்டெல்லா ராபர்ட்சனை மணந்தார். அவர் சிகாகோ மாணவி. ஸ்டாக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்டெல்லாவை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆட்டத்தின்போது உட்கார்ந்து ஒவ்வொரு நகர்வையும் வரைபடமாகக் குறித்தவர் அவர். கணவருக்கு வயதான காலத்தில் எதிரணிகளின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்ததும் அவர்தான். இன்று ஒவ்வொரு அணியிலும் சம்பளத்துக்கு நான்கைந்து பேர் செய்கிற வேலையை அவர் எழுபது ஆண்டுத் திருமண வாழ்வில் செய்துகொண்டே இருந்தார்.

சிகாகோவின் உச்சம் 1905. அந்த ஆண்டு நவம்பர் 30, நன்றி நவிலும் நாள். எதிரே மிச்சிகன். ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்றுவித்த அந்த அணி 1901 முதல் 56 ஆட்டங்களில் தோற்றதே இல்லை. அந்தப் பருவத்தில் அதுவரை எந்த அணிக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவும் இல்லை. இருபத்தையாயிரம் பேருக்கு மேல் மைதானத்தில். பெரும்பகுதி நேரம் இரு பக்கமும் புள்ளி இல்லை. சிகாகோவின் வால்டர் எக்கர்சால் பந்தை உயரமாக, தூரமாக உதைத்து உதைத்து மிச்சிகனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தார். அப்படி வந்த ஒரு பந்தைத் தன் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பிடித்த மிச்சிகன் வீரர், அங்கேயே நின்றிருக்கலாம். ஓடி முன்னே வந்தார். சிகாகோ ஆட்கள் அவரைத் தூக்கிக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளிவிட்டார்கள். இதற்கு சேஃப்டி என்று பெயர், இரண்டு புள்ளி. ஆட்டம் 2-0 என்று முடிந்தது. அந்தப் பருவத்தில் மிச்சிகன் மொத்தம் 495 புள்ளி எடுத்து, கொடுத்தது அந்த இரண்டு மட்டும்தான்.

அன்று ஹார்ப்பர் மைதானத்தில் இல்லை. புற்றுநோயில் படுக்கையில் இருந்தார். ஆட்டத்தின் போக்கைத் தொலைபேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு வாரத்தில், 1906 ஜனவரி 10 அன்று இறந்தார். தான் கேட்ட வெற்றியை ஸ்டாக் கொடுத்துவிட்டார் என்ற நிறைவு அவருக்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே 1905-ல் இன்னொரு பக்கம் கால்பந்தே நிற்குமா என்ற நிலை. அந்த ஒரு பருவத்தில் நாடு முழுக்கப் பதினெட்டு இளைஞர்களாவது ஆடுகளத்தில் அடிபட்டு இறந்ததாக நாளிதழ்கள் எழுதின. பந்தோடு இருப்பவரைச் சுற்றி ஆட்கள் கைகோத்து ஆப்பு மாதிரி மோதுவது அன்றைய முறை. தலைக்கவசம் கட்டாயம் இல்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். சில பல்கலைக்கழகங்கள் ஆட்டத்தையே கைவிட்டன. விளைவாக 1906-ல் விதிகள் மாறின: பந்தை முன்னோக்கி எறியலாம், பந்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ள, மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் இல்லை, பத்து கெஜம் போக வேண்டும். கூட்டமாக முட்டுவதால் மட்டும் இனி பலன் இல்லை என்று ஆக்குவதே நோக்கம். விதிக் குழுவில் பல ஆண்டு இருந்த ஸ்டாக், முன்னோக்கி எறியும் பாஸைத் தயங்காமல் கையில் எடுத்தவர்களில் ஒருவர். கிழக்குக் கடற்கரையின் பழைய பெரிய பல்கலைக்கழகங்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அதற்கென்று டஜன்கணக்கில் நகர்வுகளை வரைந்துகொண்டிருந்தார்.

மேற்குப் பகுதிப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் இன்னும் கடுமையான விதிகளைப் போட்டுக்கொண்டன. இன்று 'பிக் டென்' என்று பெயர் பெற்ற கூட்டமைப்பு இதுதான். 1895-ல் ஏழு பல்கலைக்கழகத் தலைவர்கள் சிகாகோவில் கூடிப் பேசியதில் தொடங்கி, 1896-ல் உருவானது. 1906-ல் இவர்கள் பருவத்துக்கு ஐந்து ஆட்டம்தான் என்று குறைத்தார்கள். ஒருவர் மூன்று ஆண்டுக்கு மேல் ஆடக்கூடாது, முதலாண்டு மாணவர் ஆடக்கூடாது என்றார்கள். அதோடு, கோச் என்பவர் பல்கலைக்கழகத்தின் முறையான ஆசிரியப் பணியில் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள். பதினாறு ஆண்டுக்கு முன் ஹோட்டல் அறையில் ஹார்ப்பர் ஸ்டாக்குக்குக் கொடுத்த ஏற்பாடு இப்போது எல்லோருக்கும் விதியாகிவிட்டது. மிச்சிகனுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பிடிக்கவில்லை, கூட்டமைப்பிலிருந்து விலகிப் பத்து ஆண்டு வெளியில் இருந்தது. சிகாகோ இருந்தது. 1907, 1908, 1913 என்று பட்டங்களும் வென்றது.

அவர் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் பட்டியல் நீளம்: வீரர்கள் வட்டமாகக் குனிந்து பேசிக்கொள்ளும் ஹடில், சட்டையில் எண், ஆட்டம் தொடங்கும் முன்பே பக்கவாட்டில் ஓடத் தொடங்கும் வீரர், பேஸ்பாலில் மட்டையடிப் பயிற்சிக்கான வலைக்கூண்டு. ஒரே யோசனை பல ஊர்களில் ஒரே சமயம் முளைத்த காலம் அது, அதனால் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை. பயிற்சிப் பொம்மையை மட்டும் தாராளமாக அவருக்குக் கொடுக்கலாம். யேலில் 1889-ல் உடற்பயிற்சிக் கூடத்து மெத்தையைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டு, ஆளுக்குப் பதிலாக அதன்மேல் பாய்ந்து பழக வைத்தார். கால்பந்து முழுவதுமே ஸ்டாக்கிடமிருந்து வந்ததுதான் என்று பின்னாளில் நோட்ர டாம் கோச் நூட் ராக்னி சொன்னது மரியாதைக்கான மிகை. ஆனால் சொன்னவர் யார் என்று பார்த்தால் அதன் எடை தெரியும்.

அவருடைய குணத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். அந்த நாள் விதிப்படி ஆட்டம் நடக்கும்போது கோச் வெளியிலிருந்து வீரர்களுக்கு எதுவும் சொல்லக்கூடாது. கோச்சின் வேலை வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. சனிக்கிழமை ஆடுகளத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் மாணவர்கள். 1922 அக்டோபரில் சிகாகோவுக்கு வந்த பிரின்ஸ்டன், பின்தங்கியிருந்து எழுந்து கடைசிக் கட்டத்தில் 21-18 என்று முன்னேறிவிட்டது. சிகாகோ பந்தோடு எல்லைக்கோட்டருகே வந்து நிற்கிறது. பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்தால் சமன். மாற்று ஆட்டக்காரர் ஒருவரை உள்ளே அனுப்பி அதைச் சொல்லச் சொல்லுங்கள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கெஞ்சினார்கள். செய்தி சொல்வதற்காக மாற்று ஆளை அனுப்புவதை விதிக் குழு விரும்பவில்லை என்று ஸ்டாக் மறுத்துவிட்டார். பையன்கள் உதைக்காமல் முட்டிப் பார்த்தார்கள், கோட்டுக்குச் சற்று முன்னால் தடுக்கப்பட்டார்கள். தோல்வி. எல்லாக் கோச்சுகளும் ஏதாவது சைகை காட்டிக்கொண்டிருந்த நாளில், தான் உட்கார்ந்த குழுவின் விதியைத் தானே மீறக்கூடாது என்று ஒரு பெரிய ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார்.

கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. மிகக் கோபம் வந்தால் "கழுதை" என்பார். அதற்கும் மேலே போனால் "இரட்டைக் கழுதை".

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மை இல்லை. பேராசிரியர் என்ற பெயர் இருந்தாலும் மற்றப் பேராசிரியர்களுக்கு இருந்த கட்டுப்பாடு ஸ்டாக்குக்கு இல்லை. விளையாட்டு வரவு செலவு தனிக் கணக்கு. டிக்கெட் பணம் அவர் துறைக்குள்ளேயே சுழன்றது, அவர் பதில் சொன்னது தலைவருக்கு மட்டும். நல்ல பள்ளி வீரர்களைச் சிகாகோவுக்கு இழுக்க, 1902 முதல் நாடு தழுவிய பள்ளித் தடகளப் போட்டியையும், 1917 முதல் பள்ளிக் கூடைப்பந்துப் போட்டியையும் தன் பல்கலைக்கழகத்திலேயே நடத்தினார். வென்ற பையன்கள் பல்கலைக்கழகத்தைப் பார்த்து மயங்கிவிட்டுப் போவார்கள். 1905-ன் நாயகன் எக்கர்சாலை எடுத்துக்கொள்ளுங்கள். சில பருவம் ஆடினார், நாடே கொண்டாடியது, பட்டம் பெறவில்லை. படிப்பில் மிகவும் பின்தங்கியிருந்தும் ஆடும் தகுதி மட்டும் அவருக்குக் குறையவே இல்லை. ஆடி முடிந்ததும் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஸ்டாக் நேர்மையான மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மாணவனைச் செதுக்கத்தான் விளையாட்டு என்று மனதார நம்பிய ஒருவர் கையிலேயே எக்கர்சால்கள் உருவானார்கள் என்றால், கோளாறு மனிதரிடம் மட்டும் இல்லை, அந்த ஏற்பாட்டிலும் இருந்தது. யாரும் கேள்வி கேட்க முடியாத ஒரு துறையை ஹார்ப்பர் கட்டிக்கொடுத்திருந்தார்.

1924 நவம்பரில் சிகாகோவின் கடைசிப் பெரிய நாள் வந்தது. இல்லினாய் அணியின் ரெட் கிரேஞ்ச் அன்று நாட்டிலேயே தடுக்க முடியாத ஓட்டக்காரர். ஸ்டாக்கின் திட்டம் எளிது: பந்து நம்மிடமே இருந்தால் கிரேஞ்சால் என்ன செய்ய முடியும்? மெதுவாக, சில கெஜமாக முட்டி முட்டிப் பந்தை விடாமல் வைத்திருந்தார்கள். கிரேஞ்ச் அப்படியும் மூன்று டச்டவுன் போட்டார். 21-21. அந்த ஆண்டு கூட்டமைப்பின் பட்டம் சிகாகோவுக்கு. அதற்குப் பிறகு இல்லை.

ஏன் இறங்கியது? சுற்றியிருந்த மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெரிய மைதானங்கள் கட்டின, மாணவர் எண்ணிக்கை அங்கே பல மடங்கு. உடற்கல்வியைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கும் வழியும் அங்கே இருந்தது. சிகாகோ வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஆராய்ச்சி, கடினமான பாடத்திட்டம், அறிவுக்குப் பேர்போன மாணவர்கள். ஹார்ப்பருக்குத் தேவைப்பட்ட விளம்பரம் இப்போது தேவையில்லை; நோபல் பரிசுகளே அதைச் செய்தன. 1929-ல் முப்பது வயதில் தலைவராக வந்த ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸுக்கு விளையாட்டில் பற்று இல்லை.

1932-ல் ஸ்டாக்குக்கு எழுபது வயது. எழுபது ஆனால் பேராசிரியர்கள் ஓய்வு பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ஸ்டாக் பேராசிரியர்தானே? எந்தப் பதவி அவரை மற்றக் கோச்சுகளைவிட நாற்பது ஆண்டு பாதுகாத்ததோ, அதே பதவியின் விதி இப்போது அவரை வெளியே அனுப்பியது. சும்மா அனுப்பவில்லை. விளையாட்டு தொடர்பான ஒரு கௌரவப் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். மேஜைக்குப் பின்னால் உட்கார எனக்கு வராது, பையன்களோடு மைதானத்தில் இருக்கத்தான் வரும் என்ற மனநிலையில் அவர் அதை ஏற்கவில்லை. சிகாகோவில் அவர் கணக்கு: 244 வெற்றி, 111 தோல்வி, 27 சமன்.

எழுபது வயதில் வேலை தேடிய மனிதர் போய்ச் சேர்ந்தது கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில் இருந்த காலேஜ் ஆஃப் தி பசிஃபிக் என்ற சின்னக் கல்லூரி. 1933 முதல் பதினான்கு பருவம் அங்கே. 1938 நவம்பரில் அந்த அணியை அழைத்துக்கொண்டு சிகாகோவுக்கே ஆட வந்தார். தன் பெயர் எழுதிய மைதானத்தில், எதிரணி கோச்சாக, எழுபத்தாறு வயதில். பசிஃபிக் 32-0 என்று வென்றது. அவருக்கு அன்று என்ன தோன்றியிருக்கும்! தான் கட்டிய வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, அது இடிந்து கிடப்பதைத் தானே நிரூபித்துவிட்டுப் போவது எளிதா? 1943-ல், கடற்படைப் பயிற்சிக்காகக் கல்லூரிக்கு வந்திருந்த இளைஞர்களை வைத்து அவர் நடத்திய அணி பெரிய பல்கலைக்கழகங்களையே வீழ்த்த, நாட்டின் ஆண்டுச் சிறந்த கோச்சாக சக கோச்சுகள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 81.

சரி, இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. 1939 பருவத்தில் சிகாகோ மிச்சிகனிடம் 85-0 என்று தோற்றது. ஹார்வர்டிடமும் ஒஹாயோ ஸ்டேட்டிடமும் 61-0. அந்த டிசம்பரில் ஹட்சின்ஸின் யோசனைப்படி அறங்காவலர் குழு கால்பந்தை அடியோடு நிறுத்தியது. நான்கு ஆண்டுக்கு முன்புதான் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றவர் சிகாகோவின் ஜே பர்வாங்கர். அப்படிப்பட்ட இடத்தில் பல்லாயிரம் பேர் உட்காரும் கேலரி ஆளில்லாமல் நின்றது. 1942-ல் அணு ஆராய்ச்சிக்கு நகருக்குள்ளேயே உயரமான, மூடிய, யார் கண்ணிலும் படாத ஓர் இடம் தேவைப்பட்டபோது, மேற்குக் கேலரிக்கு அடியில் இருந்த, மட்டையால் சுவரில் பந்தடிக்கும் ரேக்கெட்ஸ் ஆட்டக் கூடம் கையருகே கிடைத்தது. கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் கையால் அடுக்கினார்கள். டிசம்பர் 2 பிற்பகல், இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியின் மேற்பார்வையில், தானாகவே தொடரும் அணுப்பிளவு முதன்முறையாக நடந்தது. அதாவது, கால்பந்து நிறுத்தப்படாமல் இருந்திருந்தால் அந்தக் குளிர்காலத்தில் அந்தக் கேலரி அவர்களுக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. அன்று ஸ்டாக் ஸ்டாக்டனில் இருந்தார், வயது எண்பது.

பசிஃபிக் 1946-ல் அவரை ஆலோசகராக ஒதுங்கச் சொன்னது. மறுபடியும் அதே பதில். பென்சில்வேனியாவின் சஸ்குவெஹானா பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த மகனோடு சேர்ந்து 1947 முதல் 1952 வரை பயிற்றுவித்தார். ஸ்டெல்லாவின் உடல்நிலைக்காக ஸ்டாக்டனுக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. அங்கிருந்த இரண்டாண்டுக் கல்லூரியில் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், 98 வயது வரை. ஸ்டெல்லா 1964-ல் இறந்தார். ஸ்டாக் 1965 மார்ச் 17 அன்று, 102 வயதில். தலைமைக் கோச்சாக அவர் பெற்ற 314 வெற்றிகளை 1981-ல்தான் அலபாமா கோச் பால் 'பேர்' பிரையன்ட் தாண்டினார். கால்பந்து, கூடைப்பந்து இரண்டின் புகழ்க்கூடங்களிலும் முதல் தொகுதியிலேயே அவர் பெயர் உண்டு.

பழைய கேலரியை 1957-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகத்தின் ரெஜென்ஸ்டைன் நூலகமும், அணு உலை இருந்த இடத்தருகே ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பமும் நிற்கின்றன. ஸ்டாக் ஃபீல்ட் என்ற பெயர் சில தெருக்கள் தள்ளி ஒரு சிறிய மைதானத்துக்குப் போயிற்று. சிகாகோ 1969-ல் கால்பந்துக்குத் திரும்பி, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவு அணியாக அங்கே ஆடுகிறது. அந்தப் பிரிவின் தேசிய இறுதி ஆட்டத்துக்கு 1973 முதல் ஸ்டாக் பௌல் என்று பெயர். விளையாட்டுத் திறமைக்காக எந்த மாணவனுக்கும் உதவித்தொகை கொடுக்கக்கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி.